எத்தனை விரல் பிடித்தாள்?

முப்பிடாதியின் மகளுக்கு அரசாங்கம் போட்ட விலை மாதம் அறுபது ரூபாய். சோறு, துணி, சோப்பு, தேங்காயெண்ணெய் எல்லாம் அதில் அடக்கம். தாய் மட்டும் அடக்கமில்லை.

விலையைச் சொன்னவர் சுந்தரராஜ் என்ற ஆபீசர். உலகம் முழுக்க ஊனமுற்றோர் ஆண்டு கொண்டாடி முடித்து ஒரு வருசம் ஆகியிருந்தது. கொண்டாட்டத்தில் மிஞ்சின அச்சடித்த பாரங்களை ஒரு தோல்பையில் திணித்துக்கொண்டு, திருநெல்வேலியில் காலை பஸ் பிடித்துச் சங்கரன்கோவிலில் வந்து இறங்கியிருந்தார். காது கேளாத பிள்ளை, கண் தெரியாத பிள்ளை, கால் வராத பிள்ளை எல்லாரையும் சோதித்து, எந்தப் பிள்ளை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கலாம், எந்தப் பிள்ளையை விடுதிக்கு அனுப்பலாம் என்று பிரித்து எழுதுவது அவர் வேலை. கீழத்தெருப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் அறையில், பச்சைத் துணி விரித்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து காலையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். தக்காளிக் கூடையைக் கொட்டி அடிபட்டதை ஒதுக்குகிற வேகம் இருந்தது கையில்.

"கொடுத்துவச்சவங்கம்மா நீங்க," என்றார் முப்பிடாதியிடம். "அறுபது ரூபாயையும் அரசாங்கமே கட்டிடும். வடக்கே நல்ல விடுதி. வருசத்துக்கு ரெண்டு தடவை போய்ப் பார்த்துக்கலாம். இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க."

முப்பிடாதி கோமதியம்மன் சன்னதிக்கு வெளியே பூ விற்பவள். ஒரு முழத்துக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றரை முழத்துக்கு வாதாடுகிறவர்களோடு பதினைந்து வருசம் மல்லுக்கட்டினவள். யாராவது எடுத்த எடுப்பிலேயே 'கொடுத்துவச்சவ' என்று சொல்லி ஒரு பொருளைத் தலையில் கட்டப் பார்த்தால், பொருளைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பது அவள் பழக்கம்.

"எதுல சார் கையெழுத்து?"

"பெற்றோர் சம்மதம். இந்தக் கட்டத்துல."

"கட்டம் தெரியுது. அதுக்கு மேல என்னத்த எழுதியிருக்கிய?"

மேலே எழுதியிருந்தது பூராவும் இங்கிலீஷ். முப்பிடாதி அஞ்சாம் கிளாஸ் வரை போனவள். அந்த அஞ்சிலும் இங்கிலீஷ் எட்டிப் பார்த்ததில்லை.

மகள் பேச்சி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். எட்டு வயசு. பிறவியிலேயே காது கேட்காது. குலசாமி பேரை வைத்த பிள்ளைக்கு, பேரில் இருக்கிற பேச்சு வாயில் வரவில்லை என்று சொல்லிச் சிரிக்காத ஆள் தெருவில் இல்லை. அழுது முடித்த பிற்பாடு முப்பிடாதியே ஒருநாள் சிரித்திருக்கிறாள். பேச்சு வரும் என்று ஊட்டின கோவில் புற்றுமண் இரண்டு உழக்காவது அந்த நாக்கில் கரைந்திருக்கும். ருசி பிடித்துப்போய்ப் பிள்ளை தானாகவே கேட்டு வாங்கித் தின்னத் தொடங்கிய பிறகுதான் நிறுத்தினார்கள்.

புருசன் வெள்ளத்துரை மாட்டுத் தரகர். பல் விழுந்த கிழட்டு மாட்டைக்கூட நேற்றுப் போட்ட கன்று மாதிரி பேசித் தள்ளிவிடுகிற வாய். ஆனால் மேஜை, பேனா, ரப்பர் ஸ்டாம்பு மூன்றையும் ஒரே இடத்தில் கண்டுவிட்டால் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். தோளில் கிடக்கிற துண்டு தானாகவே இறங்கி இடுப்புக்குப் போய்விடும். இப்போதும் போயிருந்தது.

"போட்டுரேன்ட்டி," என்று அவள் காதோடு சொன்னார். "நல்ல சோறு போடுவாவளாம். நம்ம காலத்துக்குப் பெறகு இதுக்கு யாரு இருக்கா?"

"நம்ம சாவ நாளைக்குப் பேசுவோம். இன்னைக்கு ரெண்டு பேரும் உசுரோடதான நிக்கோம்?" என்று முப்பிடாதி ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "பெரிய சார், நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

ஹெட்மாஸ்டர் ஆறுமுகச்சாமி உள்ளூர்க்காரர். வெள்ளிக்கிழமை தவறாமல் அவளிடம்தான் பூ வாங்குவார். மேலதிகாரிக்குப் பயப்படுவதா, பூக்காரிக்குப் பயப்படுவதா என்று ஒரு நிமிசம் யோசித்தார். மேலதிகாரி சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பாரத்தைக் கையில் எடுத்தார்.

"வந்து... மூணு பென்சிலைக் காட்டி எத்தனைன்னு சைகையில கேட்டதுக்குப் பதில் இல்லன்னு போட்டிருக்கு. அப்புறம், சோதிக்கிறவர் கையைப் பிடிச்சு இழுக்குது. மேஜைத் துணிக்கு அடியில இழுத்துட்டுப் போகுது. விடச் சொன்னா விடல. முரட்டுத்தனம். எண் அறிவு இல்ல. பள்ளியில சேர்க்கத் தகுதி இல்ல. விடுதிக்குப் பரிந்துரை."

வெள்ளத்துரைக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டு இருமினார். முப்பிடாதி இருமவில்லை. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஆபீசரைப் பார்த்தாள்.

"சார், எத்தனை வெரலப் பிடிச்சா?"

"என்னது?"

"ஒங்க கையத் துணிக்கு அடியில கொண்டு போனால்லா. அப்ப எத்தனை வெரலப் பிடிச்சா?"

சுந்தரராஜ் தன் வலது கையை யாரோ இரவல் கொடுத்த சாமான் மாதிரி பார்த்தார். "அதை யாரும்மா எண்ணிக்கிட்டு இருப்பாங்க? ரெண்டோ... மூணு. மூணு விரல். சுண்டுவிரலும் பக்கத்து ரெண்டும். நல்லா அழுத்திப் பிடிச்சுது, வலிச்சுது."

"பென்சில் எத்தனை காட்டுனிய?"

ஆபீசர் மேஜைமேல் கிடந்த பென்சில்களைப் பார்த்தார்.

"மூணு," என்றார் ஹெட்மாஸ்டர், கேட்காமலேயே.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். பேச்சு மேலே மழையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் நடக்கும். விலை கீழே நடக்கும். எதிராளியின் விரலைப் பிடிப்பதுதான் எண். ஒன்றைப் பிடித்தால் ஒன்று. அஞ்சையும் சேர்த்துப் பிடித்தால் அஞ்சு. அஞ்சைப் பிடித்து விட்டுவிட்டு இன்னும் ஒன்றைப் பிடித்தால் ஆறு. விரலை நடுவில் மடக்கினால் அரை. நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும்.

காது கேட்காத மகளுக்கு வெள்ளத்துரை தெரிந்த பாஷையைக் கற்றுக்கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். மூன்று வயசிலிருந்தே எத்தனை தோசை வேண்டும் என்று துண்டுக்கடியில்தான் கேட்பார். பிள்ளை நாலு விரலைப் பிடிக்கும். முப்பிடாதி இரண்டு தருவேன் என்பாள். மூன்றரையில் முடியும், அந்த அரையை அப்பா தின்பார். தன் விரலை வெட்டவெளியில் நீட்டிக் காட்டினால் மட்டும் மண்டையில் குட்டு விழும். ஊர் பார்க்க விலையைக் காட்டுகிறவள் என்ன தரகன் மகள்?

ஆகவே, எத்தனை என்று கேட்ட பெரிய மனுசனுக்குப் பேச்சி மரியாதையாக, அவர் விரலில், துணிக்கு அடியில், சரியாகப் பதில் சொல்லியிருக்கிறாள். அவர் கையை உருவிக்கொண்டார்.

"மொத மொத வெளி ஆள்ட்ட வியாபாரம் பேசியிருக்கு எம்புள்ள," என்றாள் முப்பிடாதி. "பாதியில கைய உருவிட்டிய. அதான் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு நிக்கா. சந்தையில பாதியில கைய உருவுனா என்ன செய்வாவன்னு கேட்டுப் பாருங்க." புருசன் பக்கம் திரும்பி, "ஏங்க, என்ன செய்வாவ?"

"ஏட்டி, சார்ட்டப் போயி... அதெல்லாம் எதுக்கு?"

"சொல்லுங்க."

"மாட்டுத் தும்புக் கயித்தாலயே ரெண்டு வைப்பாவ," என்றார் வெள்ளத்துரை தரையைப் பார்த்து.

ஹெட்மாஸ்டர் இருமுகிற மாதிரி சிரித்தார்.

"அம்மா," என்றார் சுந்தரராஜ், குரலைக் கொஞ்சம் இறக்கி. "காலையிலேர்ந்து நாற்பது பிள்ளைங்க. இந்த விரல் விவகாரத்தை எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"எப்படிச் சொல்ல? எங்கள வராண்டாவுலல்லா உக்கார வச்சிருந்திய. சோதனை நடக்கும்போது தாய் தகப்பன் உள்ள வரக் கூடாதுன்னு பியூன் கதவச் சாத்திட்டான்."

"அது விதி."

"புள்ளயப் பெத்தது நாங்க. அதோட பாஷை எங்களுக்குத்தான் தெரியும். எங்களக் கதவுக்கு அந்தப் பக்கம் வச்சிட்டு உள்ள எழுதுன எழுத்துக்கு, கடைசியில மட்டும் எங்க கையெழுத்து எதுக்கு? அதையும் நீங்களே போட்டுக்கிடலாம்லா?"

"எழுதியாச்சும்மா. மூணு காப்பி போட்டாச்சு. கிழிக்க முடியாது."

"ஒரே தப்ப மூணு தரமா எழுதுனிய? எங்க காலத்துல வாத்தியார் அதுக்குத்தான் இம்போசிஷன் குடுப்பாரு." அவள் மேஜைக்கு முன்னாலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. "கிழிக்க வேண்டாம். அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நீங்க எம்புள்ளைக்குத் திருப்பிக் கையக் குடுங்க. பெறகு கையெழுத்தப் பத்திப் பேசுவோம். இல்லன்னா நான் இங்கனதான் இருப்பேன். பூ பூராவையும் கொழுந்தியாட்ட விட்டுட்டு வந்திருக்கேன். வாடுனா அவ பாடு."

சுந்தரராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். கெட்ட மனுசர் இல்லை. பெற்றோர் சம்மதம் என்ற கட்டம் நிரம்பாமல் அந்தப் பாரத்தைக் கொண்டுபோனால் மேலே இருப்பவர் திருப்பி அனுப்புவார் என்பதும் அவருக்குத் தெரியும். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

வெள்ளத்துரை இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறி மேஜைமேல் விரித்தார். ஆபீசர் அதற்குள் கையை விட்டபோது, பாம்பு குடியிருக்கிற புற்றுக்குள் விடுகிற முகமாக இருந்தது. முப்பிடாதி கண்ணைக் காட்டினாள். பேச்சி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையாட்டிய பிறகுதான் வாசலை விட்டு வந்தாள்.

ஹெட்மாஸ்டர் அஞ்சு பென்சில் வைத்து இரண்டைச் சேர்த்தார். துண்டு அசைந்தது. "அஞ்சு," என்றார் சுந்தரராஜ். "விட்டுட்டு... ரெண்டு. ஏழு." நாலை எடுத்தார். "மூணு." இந்தத் தடவை அவர் கையை இழுக்கவில்லை. ஹெட்மாஸ்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டு முழுச் சாக்பீஸை வைத்து, மூன்றாவதைப் பாதியாக ஒடித்துப் பக்கத்தில் வைத்தார்.

ஆபீசர் முகம் மாறியது. "ரெண்டு. அப்புறம் ஒரு விரலை... மடக்குறா."

"அரை," என்றார் வெள்ளத்துரை. "ரெண்டரை."

"பின்னம் இன்னும் என் மூணாம் கிளாஸுக்கே வரலவே!" என்றார் ஹெட்மாஸ்டர்.

சுந்தரராஜ் இடது கையால் மேஜையில் இருந்த எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, வெறும் மேஜையைக் காட்டினார். இப்போது எத்தனை?

பேச்சி ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். கையைத் துண்டுக்குள்ளிருந்து உருவி எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள்.

"இதுல தப்பு," என்றார் ஆபீசர். அவர் குரலில் லேசான நிம்மதி இருந்தது.

அந்த இடத்தில்தான் வெள்ளத்துரையின் பூட்டுத் திறந்தது. "எது சார் தப்பு? ஒண்ணுமே இல்லாததுக்கு எந்த வெரலப் பிடிக்கச் சொல்லுதிய? பேச ஒண்ணும் இல்லன்னா கைய எடுத்துட்டுப் போயிர வேண்டியதுதான். எங்க தொழில்ல அதுக்குப் பேரு பூஜ்யம்."

சுந்தரராஜ் பேனாவைத் திறந்து, பழைய பாரத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, புதுப் பாரம் ஒன்றை எடுத்தார். மூன்று காப்பிக்கும் கார்பன் வைத்தார். "உள்ளூர்ப் பள்ளியில சேர்க்கலாம்னு எழுதறேன். கையெழுத்துப் போடுங்க. எப்படிப் படிக்க வைக்கணும்ங்கிற திட்டத்தை ஆபீஸ்ல தயார் பண்ணி அனுப்புவோம்."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கும்பிட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். வெள்ளத்துரை கும்பிடக் கையை எடுத்தே விட்டார். முப்பிடாதி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"திட்டத்த இங்கனயே போடுவோம் சார். தமிழ்ல. நாங்க இருக்கும்போதே."

"அதுக்கு இதுல இடமே கிடையாதும்மா. கட்டம் இல்ல பாருங்க."

"பெரிய சார், ஸ்கேல் இருக்கா?"

ஆறுமுகச்சாமி மேஜை டிராயரைத் திறந்து ஒரு மர ஸ்கேலை எடுத்தார். பாரத்தைத் திருப்பிப் போட்டுக் கோடு இழுத்தார். அரசாங்கப் பாரத்தின் முதுகில் அரசாங்கம் போடாத கட்டம் ஒன்று உண்டானது.

அவள் சொல்லச் சொல்ல ஆபீசர் எழுதினார். பிள்ளை முன் பெஞ்சில் உட்கார வேண்டும். வாத்தியார் போர்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசக் கூடாது. அவர் வாய் அவளுக்குத் தெரிய வேண்டும். கையால் பேசினால் கையில் அடிக்கக் கூடாது. காது கேட்காதவள்தானே என்று டீ வாங்கவும் கூட்டவும் அனுப்பக் கூடாது. கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு அவள் சைகையில் கொஞ்சமாவது சொல்லிக்கொடுக்க வேண்டும். இப்படியே போயிற்று. காது மெஷின் என்று சொன்னபோது அவர் பேனா நின்றது. பிறகு அதையும் எழுதினார்.

தகராறு வந்தது ஸ்பெஷல் டீச்சர் விசயத்தில். இந்தப் பிள்ளைகளுக்கென்று பயிற்சி பெற்ற டீச்சர் தாலுகாவுக்கு ஒருவர்தான், மாதம் ஒருநாள் வந்தாலே பெரிசு என்றார் சுந்தரராஜ். முப்பிடாதி தினமும் என்றாள். குரல் ஏறியது. அப்போது வெள்ளத்துரை இன்னொரு ஸ்டூலைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மேஜையில் இன்னும் விரிந்து கிடந்த துண்டுக்குள் ஆபீசர் கையை எடுத்துத் தன் கையோடு கொண்டுபோனார்.

"இந்த வருசம் மழை எப்படி சார் ஒங்க பக்கம்?"

"சுமார்தான்... ஏய், என்னய்யா?"

"எங்க பக்கமும் பிசுபிசுன்னுதான் போச்சு. இளையரசனேந்தல் பக்கம் மானாவாரி பூரா கருகிப்போச்சு." துண்டு குலுங்கியது. ஆபீசர் நெற்றியில் வேர்த்தது. மழை முடிந்து பருத்திக்கு வந்தார்கள். பேச்சி மேஜை ஓரத்தில் நாடியை ஊன்றிக்கொண்டு, துண்டைப் பார்க்காமல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் அப்பாவின் மீசை லேசாக ஏறியதும் திரும்பி அம்மாவின் கையைப் பிடித்து, முந்தானைக்கு அடியில் இரண்டு விரலை அழுத்தினாள்.

"வாரத்துக்கு ரெண்டு நாள்," என்றார் சுந்தரராஜ், கையை வெளியே எடுத்து உதறிக்கொண்டே. "நான் எப்படி ஒத்துக்கிட்டேன்னு எனக்கே தெரியல."

பத்தாவதாக அவள் சொன்னதுதான் அவருக்குக் கசந்தது: மாதம் ஒரு தடவை தாய் தகப்பனை இந்த அறைக்கு உள்ளே கூப்பிட்டு, இந்தப் பத்தையும் சத்தமாக வாசித்து, நடந்ததா இல்லையா என்று கேட்க வேண்டும்.

"வராண்டாவுல இல்ல, சார். உள்ளன்னு எழுதுங்க."

உள்ளே என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் அவள் மு. முப்பிடாதியம்மாள் என்று ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திக் கையெழுத்துப் போட்டாள். தனக்கு ஒரு காப்பியை வாங்கி மடித்துச் சுருக்குப் பையில் வைத்தாள். ஆபீசருக்கு அஞ்சு மணி பஸ் போய்விட்டது.

வருசம் ஒன்று ஓடியது. பேச்சி இரண்டாம் வகுப்புக்கு வந்தாள். தன் பேரை எழுதினாள். 'ச்' மேல் புள்ளியை மட்டும் தோசை அளவுக்கு வைப்பாள். அதே ஹெட்மாஸ்டர் அறைக்குள் முப்பிடாதி பதினோரு தடவை வந்து போயிருந்தாள். ஒவ்வொரு தடவையும் காப்பியைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் விரிப்பாள். மடிப்பில் கிழிந்ததை, இங்கிலீஷ் பக்கத்தில் சினிமா நோட்டீஸை ஒட்டிக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

பன்னிரண்டாம் தடவை ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"வருச ரிப்போர்ட் அனுப்பணும்மா. எல்லாம் திருப்தின்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுரு. அடுத்த வருசமும் திட்டம் தொடரணும்ல. குறை சொன்னா மேல உள்ளவங்க மொத்தமா மூடிட்டுப் போயிருவாங்க. புள்ள உள்ள இருக்கால்லா, அது போதாதா?"

"போன வருசம் அறுபது ரூவாயக் காட்டி வாய மூடச் சொன்னாவ. இந்த வருசம் பெஞ்சக் காட்டிச் சொல்லுதியளா, பெரிய சார்?"

"நான் ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"தெரியும். அதான் பூவ இன்னமும் ஒங்களுக்குக் கூட ரெண்டு விரக்கடை அளந்து போடுதேன். படிக்கிறது யாரு? அவட்டக் கேப்போம்."

பத்துக்கும் வீட்டில் பத்துச் சைகை உண்டு. பெஞ்சுக்கு மடியைத் தட்ட வேண்டும். போர்டைப் பார்த்துப் பேசுவதற்கு முதுகைத் தொட வேண்டும். டீ வாங்கப் போவதற்குக் குடிக்கிற பாவனை. முப்பிடாதி ஒவ்வொன்றாகச் செய்து காட்ட, பேச்சி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள் அல்லது உதட்டைப் பிதுக்கினாள். முதுகுக்குப் பிதுக்கினாள். ஸ்பெஷல் டீச்சருக்கும் பிதுக்கினாள். அந்த டீச்சர் வாரத்தில் ஒருநாள் வருகிறார், மறுநாளைக் கேட்டால் பஸ்ஸைக் காரணம் சொல்கிறார். சைகை சொல்லிக்கொடுப்பதற்கும் அதே கதி. காதைத் தொட்டபோது மட்டும் பிள்ளை யோசித்தது. பத்தும் முடிந்ததும், மொத்தக் கணக்கைச் சொல்ல அம்மாவின் கையை முந்தானைக்கு அடியில் இழுத்துப் பிடித்தது.

ஹெட்மாஸ்டர் மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இந்த ஒரு வருசத்தில் அவருக்கும் கொஞ்சம் பாஷை பழகியிருந்தது. "அஞ்சு... ஒண்ணு... இன்னொண்ணு. ஏழா?"

"மடக்குதா சார். ஆறரை."

"அரை எதுக்கு?"

"காது மெஷின் வந்துட்டு. பேட்டரி வரலல்லா."

அவர் பெருமூச்சு விட்டார். ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்தார். "சரி, எழுது. ஒன் இஷ்டம்."

முப்பிடாதி பேனாவை வாங்கினாள். 'பெற்றோர் கருத்து' என்று இந்த வருசம் பாரத்திலேயே அச்சடித்து ஒரு கட்டம் வந்திருந்தது; யார் கேட்டுப் போட்டார்களோ. மகளை மடிமேல் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, அவளும் பார்க்கிற மாதிரி, நிறுத்தி எழுதினாள்:

பேசியது பத்து. வந்தது ஆறரை. பாக்கி மூன்றரை. அடுத்த மாதமும் வருவோம்.